அக்கி ஆறிய பின்னும் ஆறாத வலி

விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால், கோடியக்கரை வேதாரண்யம் வட்டாரத்தில் விசாரிக்க வருகிற பெரியவர்கள் முதலில் கேட்பது, "அக்கி எழுதியாச்சா?" என்பதுதான். மண்பாண்டம் செய்கிற வேளாரைத் தேடிப் போவார்கள். அவர் காவிக்கல்லை நீர்விட்டு இழைத்து, இறகால் தொட்டுக் கொப்புளங்களின் மேலும் சுற்றிலும் பூசி எழுதுவார். சிங்கம் வரைகிற ஊர்களும் உண்டு. இரண்டு மூன்று முறை எழுதியதும் கொப்புளம் வாடும், பொருக்குக் கட்டும், உதிரும். தமிழ்நாட்டின் பல பகுதிகளில், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல், இன்றும் நடக்கிற வைத்தியம் இது.

பொருக்கு உதிர்ந்த பிறகுதான் சிலருக்குக் கதை தொடங்குகிறது.

பெரும்பாலானவர்களுக்குத் தோல் ஆறும்போது வலியும் போய்விடும். சிலருக்குப் போவதில்லை. வடு வெளுத்து, மாதங்கள் கடந்தும் அதே இடம் எரிந்துகொண்டிருக்கும். மிளகாய் அரைத்துத் தடவியதுபோல எரிகிறது என்பார்கள், விண் விண்ணென்று தெறிக்கிறது என்பார்கள், சுருக் சுருக்கென்று ஊசி ஏற்றுகிறது என்பார்கள். மின்விசிறிக் காற்று பட்டால்கூட ஆகாது. ரவிக்கை போட முடியாமல் புடவைத் தலைப்பை மட்டும் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் மூதாட்டிகள் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கே மெல்ல மெல்ல சந்தேகம் வந்துவிடும். "எல்லாம் ஆறிப்போச்சு, இன்னமும் வலிக்குது வலிக்குதுன்னா எப்படி?"

கொப்புளம் கிளம்பி 90 நாள் கடந்தும் நீடிக்கிற வலியை மருத்துவர்கள் அக்கிக்குப் பிந்தைய நரம்புவலி என்று தனி நோயாகவே வகைப்படுத்துகிறார்கள். அக்கி வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேர் வரை இதில் சிக்குகிறார்கள் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. நாற்பது வயதுக்குக் கீழே இது அபூர்வம். அறுபதைத் தாண்டினால் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். ஆக, இது முதியவர்களின் நோய். முதியவர்களின் வலியை வயசாகிவிட்டால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடுவது எந்த ஊரிலும் சுலபம்.

அக்கிக்குக் காரணமான வைரஸ் வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. சிறு வயதில் சின்னம்மை போட்டு, வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சிலும் போய் உறங்குகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, வயதினாலோ நோயினாலோ புற்றுநோய் மருந்துகள், ஸ்டீராய்டு போன்றவற்றினாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதாவது ஒரு முடிச்சில் விழித்துக்கொள்கிறது. அந்த நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி, அந்த நரம்புக்கு உரிய பட்டையில் மட்டும் கொப்புளமாக வெடிக்கிறது. உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். 1900இல் ஹென்றி ஹெட் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர், கேம்பெல் என்பவரோடு சேர்ந்து, அக்கி வந்து இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்து இந்தத் தொடர்பைக் காட்டினார். எந்த நரம்புக்குத் தோலின் எந்தப் பட்டை என்கிற வரைபடத்துக்கு அக்கி நோயாளிகளின் உடம்புதான் உதவியது.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் ஒரே வேர் என்பதை சிற்றூர் மருத்துவர் ஒருவரின் பொறுமை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த ஒவ்வோர் அக்கி நோயாளியையும் பதினாறு ஆண்டுகள் குறித்துவைத்தார். உறங்கும் வைரஸ் மீண்டும் எழுவதே அக்கி என்ற கருத்தை 1965இல் வெளியிட்டார். 85 வயதுவரை வாழ்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரு முறையாவது அக்கி வரும் என்று அவர் போட்ட கணக்கு இன்றும் பெரிதாகப் பிசகவில்லை. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. ஊரும் நோட்டுப்புத்தகமும் இருந்தன.

இதில் வெப்ப நாடுகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. குளிர் நாடுகளில் பள்ளி வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் சின்னம்மை வந்துவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அப்படியில்லை, வளர்ந்த பிறகு முதன்முறையாக அம்மை போடுகிறவர்கள் இங்கே கணிசம். கோடியக்கரைக்கு எதிர்க்கரையான இலங்கையிலிருந்து 1980களில் டென்மார்க்குக்குத் தஞ்சம் போன தமிழர்களிடையே, வளர்ந்த ஆட்களுக்குச் சின்னம்மை பரவலாகக் கண்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1990இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். அக்கி உள்ளவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீரிலுள்ள வைரஸ், அம்மை போடாதவருக்குச் சின்னம்மையாகத் தொற்றும். அக்கி வந்த பாட்டியின் மடியில் கைக்குழந்தையை விடக்கூடாது, அம்மை போடாத கர்ப்பிணிகள் விலகி இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அக்கி எழுதுவதைக் கேலி பேசுவது சுலபம். அதில் பயனில்லை. இரண்டு மூன்று முறை எழுதினால் ஆறிவிடுகிறது என்று ஊர் சொல்வது கண்ணால் கண்டதைத்தான். எழுதாமல் விட்டாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கொப்புளம் தானாக ஆறும் என்பதுதான் அந்தப் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. காவிக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. ஆங்கில மருத்துவர்கள் அக்கிக்கு எழுதித்தரும் காலமைன் லோஷனின் இளஞ்சிவப்புக்கும் அதே இரும்பு ஆக்சைடுதான் காரணம். இரண்டும் தோலைக் கொஞ்சம் உலர்த்தும், குளிர்ச்சி தரும். நரம்புக்குள் இருக்கும் வைரஸை இரண்டுமே தொடுவதில்லை. பலர் மேல் பட்ட இறகும் சுத்தமில்லாத நீரும் புண்ணில் சீழ் பிடிக்க வைக்கலாம் என்பது உண்மையான ஆபத்து. அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. எழுதக்கூடிய ஆளைத் தேடி, அவர் சொல்கிற கிழமைக்குக் காத்திருந்து, இரண்டாம் முறை எழுதி முடிக்கும்போது முதல் மூன்று நாள் போயிருக்கும்.

அந்த மூன்று நாள்தான் வைரஸ் மருந்துக்கு உரிய கெடு. அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் என்று மூன்று மாத்திரைகள் இருக்கின்றன. முதலாவது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, விலையும் மலிவு. அதை உருவாக்கிய குழுவின் முன்னோடி கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் புதிய கொப்புளம் வருவது நிற்கும், புண் விரைவில் காயும், தொடக்க நாட்களின் வலி சீக்கிரம் தணியும். கெடு தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், அல்லது கண், காது பாதிக்கப்பட்டிருந்தால், மருத்துவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

அசைக்ளோவிரில் ஒரு தொல்லை. 800 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள், மொத்தம் 35 மாத்திரை. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்களும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர்களிலிருந்து வந்து கோடியக்கரைக் கரையில் வாடி போட்டுத் தங்கும் மீனவர்களும் ஐந்து வேளைக் கணக்கைப் பிடிப்பது கடினம். வலாசைக்ளோவிர் மூன்று வேளைதான், ஆனால் விலை கூட. எது கிடைத்தாலும் முழு வாரமும் முடிக்க வேண்டும். கொப்புளம் வாடிவிட்டது என்று நான்காம் நாள் நிறுத்துவது வழக்கமாகிவிட்ட தவறு.

இங்கே உப்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைவது வேதாரண்யத்தில்தான். அசைக்ளோவிர் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. உப்பளத்து வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கலாம். பின்னர் வலிக்குக் கொடுக்கப்படும் காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் சிறுநீரகத்தை நம்பியே வெளியேறுகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதனால் உப்பளத்தில் காலம் கழித்தவருக்கு, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவருக்கு, மாத்திரையின் அளவை நிர்ணயிக்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுவது நல்லது. மாத்திரை நாட்களில் வெயிலில் இறங்காமல் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது, சிறுநீரகத்துக்கோ நிச்சயம் கேடு.

சரி, கெடுவுக்குள் மருந்து தொடங்கினால் நீடிக்கும் வலி வராதா? மருந்துக் கம்பெனிகளின் பிரசுரங்கள் சொல்லாத இடம் இது. காக்ரேன் அமைப்பு 2014இல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தது. வாய்வழி அசைக்ளோவிர் நான்கு மாதம், ஆறு மாதம் கழித்து எஞ்சும் வலியைக் கணிசமாகக் குறைக்கவில்லை என்றே அது முடிவு சொன்னது. மற்ற இரண்டு மாத்திரைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வு இல்லை. ஸ்டீராய்டு சேர்த்தால் தடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, 1994இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு அதைப் பொய்யாக்கியது. நெதர்லாந்தில் 2006இல் ஐம்பது வயதைக் கடந்த 598 பேரிடம் முதுகுத்தண்டு அருகே ஒரே ஒரு முறை ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். முதல் மாத வலி சற்றுக் குறைந்தது, நீடிக்கும் வலி குறையவில்லை. தொடக்கத்திலேயே இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ஆறு மாதத்தில் வலியோடு இருப்பவர்களின் எண்ணிக்கை பாதியாகிறது என்று 1997இல் பௌஷர் என்ற ஆங்கில மருத்துவர் காட்டினார். ஆய்வு சிறியது, அதை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது.

அப்படியானால் 72 மணி நேரத்துக்கு ஏன் இத்தனை அவசரம்? காரணங்கள் இருக்கின்றன. நீடிக்கும் வலி யாருக்கு வரும் என்பதைக் காட்டும் அறிகுறிகளில் முக்கியமானவை வயது, தொடக்க வலியின் கடுமை, கொப்புளங்களின் அடர்த்தி, கொப்புளத்துக்கு முன்பே வந்த வலி, கண்ணைச் சுற்றிய அக்கி. இவற்றில் வயதை யாராலும் மாற்ற முடியாது. தொடக்க வலியை அடக்க முடியும். முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்தவருக்கு வலிக்கும் சேர்த்து மருந்து கிடைக்கும், அடுத்த மாதம் வரச்சொல்லிச் சீட்டில் எழுதப்படும். மூன்றாவது மாதம் முதன்முறையாக வருகிறவர், தூக்கமும் பசியும் போய், நாலு இடத்தில் ஊசி போட்டு அலுத்து, நம்பிக்கை இழந்து வருகிறார். வைரஸ் மருந்தைவிட அந்தச் சந்திப்புக்கே மதிப்பு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

கண் விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. நெற்றியிலோ இமையிலோ, குறிப்பாக மூக்கின் நுனியிலோ கொப்புளம் வந்தால் கருவிழி பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்குள்ளும் போவது ஒரே நரம்பின் கிளை. அங்கே காவியும் வேண்டாம், பச்சிலையும் வேண்டாம், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். காதில் கொப்புளம் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அப்படித்தான்.

கொப்புளமே வராத முதல் இரண்டு மூன்று நாள் இன்னொரு பொறி. ஒருபக்க நெஞ்சு எரிந்து குத்தினால் மாரடைப்பு என்று ஈசிஜி எடுப்பார்கள். அடிவயிற்றில் வந்தால் குடல்வால் என்பார்கள், இடுப்பில் வந்தால் கல் என்பார்கள். அதில் பிழையில்லை, மாரடைப்பை முதலில் சந்தேகிப்பதுதான் முறை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகு அதே இடத்தில் கொப்புளம் கிளம்பினால், "அதுதான் பார்த்தாச்சே" என்று இருந்துவிடாமல் திரும்பப் போகவேண்டும். இளம் வயதில், கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது. அரசு மையங்களில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை, இன்று நல்ல மருந்தும் இருக்கிறது.

வலி நிலைத்துவிட்ட பிறகு என்ன நடக்கிறது? பிரேதப் பரிசோதனை ஒன்றில், நீண்டநாள் வலி இருந்தவரின் தண்டுவடத்தில், பாதிக்கப்பட்ட பக்கத்தில் பின்கொம்பு என்னும் பகுதி சுருங்கியிருந்ததைக் கனடாவின் பீட்டர் வாட்சனும் சக ஆய்வாளர்களும் கண்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் மதகு உடைந்தே கிடப்பதுபோல, வைரஸ் அடங்கிய பிறகும் எந்தச் சமிக்ஞையை விடுவது, எதைத் தடுப்பது என்கிற கட்டுப்பாடு நரம்பில் போய்விடுகிறது. துணி உரசும் சாதாரண உணர்வும் வலியாகவே மூளைக்குப் போகிறது. வீக்கத்தைத் தணிக்கும் வழக்கமான வலி மாத்திரை இங்கே தோற்பதற்குக் காரணம் இதுவே. வீக்கத்தின் வேலை முடிந்துவிட்டது, கெட்டுப்போனது கம்பியும் கணக்கும்.

அதனால் இந்த வலிக்குக் கொடுக்கும் மருந்துகளின் பெயரைப் பார்த்தால் குடும்பத்தார் மிரளுவார்கள். அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்தவை. காபாபென்டின் வலிப்புக்காக வந்தது. "எங்க அப்பாவுக்கு பைத்தியமா, வலிப்பா?" என்று மருந்துக்கடையில் கேட்டுவிட்டு மாத்திரையை வாங்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. நரம்பின் தவறான சமிக்ஞையைத் தணிக்கும் வேலையில் இவை தேர்ந்தவை என்பதை மருந்து எழுதும்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சீட்டு வீணாகியிருக்காது.

அமிட்ரிப்டிலின் மிகப் பழையது, மிக மலிவானது. அக்கி வலியில் அது கேட்கும் என்பதை 1982இலேயே வாட்சனின் குழு காட்டிவிட்டது. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வாய் உலரும், மலம் கட்டும், எழுந்திருக்கும்போது தலை சுற்றும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைக்கலாம். இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. காபாபென்டின் 1998இலும் பிரிகாபலின் 2003இலும் நடந்த ஆய்வுகளில் இந்த வலிக்கே நிரூபணமானவை. தூக்கம், தள்ளாட்டம், கால் வீக்கம் அவற்றின் குறைகள். இரவில் கொல்லைப்புறம் எழுந்துபோகிற வழக்கமுள்ள முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் நரம்புவலியைவிடப் பெரிய துன்பம். படுக்கையருகில் ஒரு விளக்கும் கைப்பிடிக்க ஒரு ஆளும் மாத்திரையோடு சேர்ந்த வைத்தியம்தான்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைக்க வேண்டும். நரம்புவலி மருந்துகள் பற்றி 2015இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, அமிட்ரிப்டிலின் வகை மருந்தை மூன்று நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வலி பாதியாகக் குறையும். காபாபென்டின், பிரிகாபலினுக்கு அது ஏழெட்டுப் பேருக்கு ஒருவர். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கலாம், இரண்டைச் சிறு அளவில் சேர்த்தும் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் சரியான அளவுக்கு ஏற்றிச் சில வாரமாவது பார்க்க வேண்டும். மூன்று நாள் போட்டுப் பார்த்து "கேக்கல" என்று மாற்றிக்கொண்டே போகிறவர் எதையும் சோதித்தவராக மாட்டார். நிறுத்தும்போதும் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பதே முறை.

உள்ளே சாப்பிடும் மருந்து ஒத்துக்கொள்ளாத முதியவருக்குத் தோலில் ஒட்டும் லிடோகெயின் பட்டை நல்ல வழி. வலிக்கும் இடத்தில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். ரத்தத்தில் கொஞ்சமே கலப்பதால் மயக்கம், தள்ளாட்டம் இல்லை. ஆறாத புண்ணில் ஒட்டக் கூடாது. விலைதான் கடிக்கும்.

மிளகாயின் கதை சுவையானது. எரிகிறது என்பதற்கு மிளகாயை உவமை சொல்கிறோம், எரிச்சலுக்கு மருந்தும் அதிலிருந்தே வருகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நரம்பு நுனியில் எந்த வாயிலைத் தட்டுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டுபிடித்தார். சூட்டை உணர்வதும் அதே வாயில்தான். 2021இல் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த நரம்பு நுனி சோர்ந்து ஓய்ந்துவிடும். 0.075 சதவீதக் களிம்பை நாளுக்கு மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் தடவ வேண்டும். முதல் சில நாள் எரிச்சல் கூடும், அதற்குப் பயந்தே பலர் நிறுத்திவிடுவார்கள். மருத்துவமனையில் ஒரு மணி நேரம் ஒட்டி எடுக்கிற 8 சதவீதப் பட்டை மேல்நாடுகளில் இருக்கிறது, அதன் பலன் மூன்று மாதம்வரை நிற்கும். இதைப் படித்துவிட்டு வீட்டில் மிளகாயை அரைத்துத் தடவ யாரும் முனைய வேண்டாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது குழம்புக்காக.

டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் கடைசி வரிசை, அதுவும் கண்காணிப்போடு. நரம்பு மரப்பு ஊசியும், தண்டுவடத்தில் மின்தூண்டுதலும் பெருநகர வலி மருத்துவர்களிடம் உண்டு, எதுவும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. பி-12 ஊசிக்கு ஊரில் இருக்கிற மரியாதைக்கு ஏற்ற சான்று இல்லை. செலவில்லாத சில காரியங்கள் உண்மையிலேயே உதவும். நைலானை விட்டுத் தளர்ந்த பழைய பருத்தித் துணி. அல்லது அதற்கு நேரெதிராக, உரசாதபடி உடம்போடு இறுக்கிச் சுற்றிய மெல்லிய துணி. எது ஒத்துவருகிறது என்பதை நோயாளியே கண்டுபிடிக்கலாம். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதும், வலியை மறக்கும்படி ஏதாவது வேலையில் கையை வைத்திருப்பதும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போக வலி தணியும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். சிலருக்குத்தான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அவர்களில் "செத்துப்போனா தேவல" என்று சொல்கிறவர் இருந்தால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 104 என்ற தமிழக அரசின் உதவி எண்ணிலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம்.

இவ்வளவும் வந்த பிறகு செய்வது. வராமலே தடுக்க உறுதியான வழி ஒன்றுதான் இருக்கிறது, அது தடுப்பூசி. 1974இல் ஜப்பானின் மிச்சியாகி தகஹாஷி, ஓகா என்ற குடும்பப்பெயர் கொண்ட சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸை வலுவிழக்கச் செய்து சின்னம்மைத் தடுப்பூசி உருவாக்கினார். அதே வைரஸின் பல மடங்கு வீரியமே முதல் அக்கித் தடுப்பூசியானது. அறுபதைக் கடந்த 38,546 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் அது அக்கியைப் பாதியாகவும், நீடிக்கும் வலியை மூன்றில் இரண்டு பங்கும் குறைத்தது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் அதையும் தாண்டியது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதமும், எதிர்ப்புச் சக்தியைக் கிளப்ப ஒரு துணைப்பொருளும் சேர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 97 சதவீதமும், எழுபதைத் தாண்டியவர்களிடம் 90 சதவீதத்தை ஒட்டியும் அக்கியைத் தடுத்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் நீடிக்கும் வலியை 89 சதவீதம் குறைத்தது. பத்தாண்டு கடந்தும் பாதுகாப்பு பெருமளவு நிற்பதாகத் தொடர் கண்காணிப்பு சொல்கிறது.

இரண்டு ஊசி, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளி. ஓரிரு நாள் கை வலி, காய்ச்சல், உடம்பு அசதி பலருக்கு வரும். கில்லன்-பாரே என்னும் நரம்புத் தளர்வு மிக அபூர்வமாக வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரிக்கை சேர்த்தது. ஒரு முறை அக்கி வந்தவரும் குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே நிலைத்துவிட்ட வலிக்கு இது மருந்தாகாது. வேல்ஸ் நாட்டில் பழைய தடுப்பூசிக்குத் தகுதி பெற்றவர்களையும், பிறந்த தேதி சில நாள் முந்தியதால் தகுதி இழந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஊசி போட்டவர்களிடம் ஏழாண்டுக் காலத்தில் மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக அது காட்டியது. உறுதிப்பட இன்னும் காலம் ஆகும், ஆனாலும் ஊசியின் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி.

இந்தியாவில் ஷிங்ரிக்ஸ் 2023இல் விற்பனைக்கு வந்தது. ஒரு ஊசி பத்தாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் உப்பளத்துப் பாட்டியின் பல மாத முதியோர் உதவித்தொகை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முதியவர்களுக்கு இலவசமாகப் போடுகின்றன. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அக்கி ஊசியும் இல்லை, சின்னம்மை ஊசியும் இல்லை. குழந்தைகளின் உயிர் காக்கும் ஊசிகளோடு ஒப்பிட்டால் இதற்கு முன்னுரிமை கிடைக்காதது புரிந்துகொள்ளக்கூடியதே. அக்கி கொல்வது அபூர்வம், படுத்துவதுதான் அதிகம். ஆனால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற டெல்டாக் குடும்பங்களில், அப்பா அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனைப் பொதியை ஆண்டுதோறும் வாங்கித் தருவதைவிட இந்த இரண்டு ஊசிக்குச் செலவழிப்பது பலன் தரும். சர்க்கரை உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையை எதிர்நோக்கி இருப்பவர்கள், மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் முதல் வரிசையில் வருவார்கள்.

ஊசிக்கு வழியில்லாதவர்களுக்கு அரசு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறார்கள். அக்கி வர வாய்ப்புள்ள அதே முதியவர்களின் வாசல் அது. ஒருபக்கக் கொப்புளத்தின் படம் ஒன்றும், "மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரி" என்ற ஒரு வரியும் அவர்கள் கையேட்டில் சேர்ந்தால் போதும். அடுத்த மாதம் வரும்போது "எரிச்சல் இருக்கா?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். 2022இல் திறந்த நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி இதற்குப் பயிற்சி தரும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு வேளார்களையும் அழைக்க வேண்டும். ஊரில் யாருக்கு அக்கி என்பது மருத்துவருக்குத் தெரியுமுன் அவர்களுக்குத்தான் தெரிகிறது. காவி எழுதி முடித்த கையோடு, "இன்னிக்கே வேதாரண்யம் போய் மாத்திரை வாங்கிடுங்க" என்று அவர்கள் சொன்னால் மக்கள் கேட்பார்கள். சுகாதாரத் துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசட்டும்.